தண்ணீர் எந்த வழியாக வந்தது? மலைவீட்டுத் தரைச் சேதமும் காப்பீட்டுக் கோரிக்கையும்

வீட்டுத் தரை நனைந்து கெட்டுப்போய், காப்பீட்டுப் பணம் கேட்டு எழுதினால், நிறுவனம் முதலில் விசாரிப்பது தரையைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. எங்கிருந்து வந்தது? எந்தத் தேதியில் வந்தது? ஒரே இரவில் புகுந்ததா, மாதக்கணக்கில் ஊறியதா? ஒரே மாதிரி உப்பிக் கிடக்கும் இரண்டு தரைகளில் ஒன்றுக்குப் பணம் கிடைத்து மற்றது நிராகரிக்கப்படுவது இந்தக் கேள்விகளுக்கான விடையால்தான். நீலகிரியில் அந்த விடையை நிறுவுவது சமவெளியைவிடச் சிரமம். சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். மழை நின்று பத்து நாள் ஆன பிறகும் அந்தச் சுவரின் அடியில் ஊற்று எடுக்கும். மூடுபனியில் எதுவும் சீக்கிரம் காயாது. புதுச் சேதத்தோடு பழைய ஓதமும், அதாவது மண்ணிலிருந்து சுவரிலும் தரையிலும் ஊறி ஏறும் ஈரமும், கலந்து கிடக்கும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அந்தக் கலவையைத்தான் பார்க்கிறார்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே வார்ப்பிலான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்தது. அந்த வார்ப்புப் பாலிசியை எந்த நிறுவனத்தில் எடுத்திருந்தாலும் அடிப்படைப் பாதுகாப்பு ஒன்றுதான். புயல், வெள்ளம், நீர் சூழ்தல், நிலச்சரிவு, பாறைச்சரிவு, நிலம் அமிழ்தல், மரம் விழுதல் போன்ற மோதல் சேதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல் ஆகியவை பட்டியலில் உண்டு. ஓதம் ஏறுதல், மெல்லக் கசிதல், தேய்மானம், பராமரிக்காமல் விட்டதால் வந்த கேடு ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு நிகழ்வின் வழியாக வந்தது என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

கூரை வழியாக வந்த தண்ணீரை எடுத்துக்கொள்வோம். காற்று தகரத்தைத் தூக்கியது, ஓடுகளைப் புரட்டியது, சில்வர் ஓக் கிளை விழுந்து கூரை உடைந்தது என்றால் அது புயல் அல்லது மோதல். துருப்பிடித்த ஆணித் துளை வழியாகவும் சிம்னி ஓரத்துச் சிமென்ட் வெடிப்பு வழியாகவும் ஒவ்வொரு மழைக்கும் சொட்டிய தண்ணீர் பராமரிப்புக் குறை. இரண்டிலும் தரை ஒரே மாதிரிதான் கெடும். கூரையில் ஏறி, தூக்கப்பட்ட தகரத்தின் வளைந்த விளிம்பைப் படம் எடுத்து வைத்தவருக்கும், முதல் வேலையாகத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அதை மட்டும் படம் எடுத்தவருக்கும் வித்தியாசம் அங்கேதான்.

குழாயும் தொட்டியும் ஒப்பீட்டில் எளிது, ஏனென்றால் உடைந்த பொருள் கையில் இருக்கும். தண்ணீர் தினமும் வராத பகுதிகளில் குழாயைத் திறந்தே வைத்திருப்பார்கள். இரவில் தண்ணீர் வரும்போது மிதவை வால்வு பழுதாகியிருந்தால் தொட்டி நிரம்பி, கூரை வழியாக வீட்டுக்குள் இறங்கும். ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெளிச்சுவரில் ஓடும் பி.வி.சி. குழாய் விரிசல் விடலாம். பட்டியலில் உறைபனி கிடையாது, குழாய் வெடித்தல் உண்டு. படிவத்தில் எழுத வேண்டியது குழாய் வெடித்ததைத்தான். கழற்றிய வால்வையும் விரிசல் விட்ட எல்போவையும் (குழாய் வளையும் இடத்து இணைப்பையும்) பிளம்பர் கையில் கொடுத்தனுப்பிவிடாதீர்கள். தேதி எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள்.

சிக்கல் எல்லாம் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரில்தான். மேல் சாலையின் கால்வாய் அடைத்து, தண்ணீர் உங்கள் முற்றத்தில் பாய்ந்து கதவடி வழியாக நுழைந்தால் அது நீர் சூழ்தல். பின்சுவரின் அடியில் ஊற்றாகப் பிறந்து ஸ்கர்டிங்கின் (சுவரடியில் ஓடும் பட்டையின்) கீழே பரவினால் நிறுவனம் அதை ஓதம் என்றே சொல்லும். பெருமழை நாளில் இரண்டும் ஒன்றாக நடக்கும். அப்போது உதவுவது தடங்கள்: கதவுப் பக்கம் படிந்த சேறு, சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் தண்ணீர்க் கோடு, முற்றத்திலிருந்து உள்ளே வரும் மண் வரி. தரையிலிருந்து அந்தக் கோட்டின் உயரத்தை ஒரு டேப் வைத்து, அளவு தெரியும்படி படம் எடுங்கள். எல்லா அறையிலும் கோடு ஒரே மட்டத்தில் இருந்தால் அது வெள்ளத்தின் கோடு. ஓதம் மேலும் கீழுமாக, திட்டுத்திட்டாகத்தான் ஏறும்.

தேதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வானிலைத் துறை மழையை ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிட்டு, அளவெடுத்த நாளின் பெயரில் பதிகிறது. 8ஆம் தேதி இரவு 10 மணிக்கு உங்கள் வீட்டில் நீர் புகுந்தால் அந்த மழை 9ஆம் தேதிக் கணக்கில்தான் இருக்கும். படிவத்தில் 8 என்று எழுதிவிட்டு, 8ஆம் தேதிப் பட்டியலில் மழை குறைவாக இருப்பதைப் பார்த்து நிறுவனம் கேள்வி கேட்டால், இந்த விளக்கத்தை ஒரு வரியில் சொன்னால் போதும். மழைமானி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் கொட்டியது; அதே மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் அந்த அளவு இல்லை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் கேத்திப் பகுதியை உலுக்கியது பின்னதுதான். ஊட்டி மழைமானியை வைத்து உங்கள் வீட்டு மழையை அளக்கவிடாதீர்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் பல தாங்களே மழை அளந்து பதிவு வைக்கின்றன. அந்த நாளின் பதிவை மேலாளரிடம் கேட்டு வாங்கினால் அது நல்ல ஆவணம்.

முதல் நாள்

இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சேதம் மேலும் பெருகாமல் தடுக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. சேதத்தைச் சர்வேயர் பார்க்க வேண்டும் என்பதும் நிபந்தனைதான். சர்வேயர் வரும்வரை தொடாமல் விட்டால், ‘நீங்கள் காயவைக்காததால் பூஞ்சணம் வந்தது’ என்பார்கள். எல்லாவற்றையும் பெயர்த்துக் கொட்டிவிட்டால், ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்பார்கள். ஈரத்தில் பூஞ்சணம் ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும். சர்வேயரோ கோயம்புத்தூரிலிருந்து மண் சரிந்த மலைப்பாதை திறந்த பிறகுதான் வர முடியும். இந்த இடைவெளியை நிரப்புவது உங்கள் கைப்பேசிதான்.

மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் வரும் வழியை நிறுத்திய பிறகு, தண்ணீர் நுழைந்த இடத்தில் தொடங்கி அறை அறையாகத் தரை வரைக்கும் இடையில் நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு அறைக்கும் தூரப் படம், கிட்டப் படம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் எடுத்த நேரம், இடம் போன்ற உட்பதிவுகள் அழிந்துவிடும். மூலப் படங்களைக் கைப்பேசியிலேயே விட்டு, மின்னஞ்சலில் ஒரு பிரதி போட்டு வையுங்கள். அதே நாளில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிக் கோரிக்கை எண் வாங்குங்கள். கோரிக்கைப் படிவத்தைச் சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று பாலிசி சொல்கிறது. ஆனால் முதல் தகவலுக்கு அத்தனை நாள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதன் பிறகு தரையைப் பிரிக்கலாம். பிரிப்பதற்கு முன், ‘ஈரம் பரவுவதால் இந்த அறையின் தரையை நாளை மாலை 4 மணிக்குப் பெயர்க்கிறோம், அதற்கு முன் பார்க்க விரும்பினால் வரவும்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அந்த அஞ்சல் பின்னால் பேசும். ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு முழுப் பலகை, அதன் கீழிருந்த நுரைத்தாளில் ஓர் அடித் துண்டு, ஸ்கர்டிங்கில் ஒரு துண்டு என்று எடுத்து அறையின் பெயர் எழுதித் தனியே வையுங்கள். மீதியைச் சர்வேயர் சொல்லும்வரை வெளியே அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினால் போதும்.

எந்தத் தரை எப்படிக் கெடும்

புதிய காட்டேஜ்களில் அதிகம் இருப்பது லேமினேட். அதன் நடுவே இருப்பது அழுத்திய மரநார்ப் பலகை. ஓரங்களில் தண்ணீர் புகுந்தால் உப்பும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நனைந்த பலகையின் விளிம்புக் கனத்தையும் நனையாத பலகையின் விளிம்புக் கனத்தையும் அளந்து காட்டுங்கள். இன்னொன்று: இது தரையில் ஒட்டாமல் ஒன்றோடொன்று கொக்கி போட்டு மிதக்கும் தளம். அறை நடுவில் பத்துப் பலகை கெட்டாலும் ஒரு சுவரிலிருந்து வரிசையாகக் கழற்றித்தான் அங்கே போக முடியும். கழற்றும்போது நல்ல பலகைகளின் கொக்கியும் சில உடையும். எஸ்டிமேட்டில் இதைத் தனி வரியாக எழுதாவிட்டால் பத்துப் பலகைக்கான காசுதான் வரும்.

விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. கழுவினால் புதுசு போல ஆகிவிடும். அதனாலேயே கோரிக்கை விழுந்துவிடும். சேதம் அடியில் இருக்கும் மணல்-சிமென்ட் படுகையில். சுத்தியல் கைப்பிடியால் தட்டி, வெற்றொலி வரும் கல்லைச் சாக்கட்டியால் குறித்துப் படம் எடுங்கள். முதலிலேயே சரியாகப் பதிக்காத கல்லும் இப்படி ஒலிக்கும் என்று சர்வேயர் சொல்வார், அது நியாயமான வாதம். ஆகவே நனையாத அறையையும் அதே போலத் தட்டிக் காட்டுங்கள். அங்கே நூற்றுக்கு இரண்டு, இங்கே நூற்றுக்கு முப்பது என்றால் வாதம் முடிந்தது.

பழைய வீடுகளின் சிவப்புச் சிமென்ட் தரையில் வெண்திட்டு வரும், பெரும்பாலும் காய்ந்த பிறகு பாலிஷ் போட்டால் சரியாகும். தரையின் கீழே நிரப்பிய மண்ணைத் தண்ணீர் அரித்துப் போய்த் தரை இறங்கி வெடித்திருந்தால் மட்டும் அது பெரிய வேலை. அதைப் பாலிஷ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மரப்பலகைத் தரைதான் ஏமாற்றும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியின் பழைய பங்களாக்களில் பலகைகள் குறுக்குச் சட்டங்களின் மேல் அடிக்கப்பட்டு, கீழே ஓரடி, இரண்டடி வெற்றிடம் இருக்கும். அடிச்சுவரில் காற்றுத் துளைகள் விட்டிருப்பார்கள். அந்தக் காற்றால்தான் பல பலகைகள் நூறாண்டு தாங்கின. வெள்ளம் வந்தால் சேறு அந்த வெற்றிடத்தில் தங்கித் துளைகளை அடைத்துவிடும். மேலே பலகை கொஞ்சம் குழிந்தது போல வளைந்து, சில வாரத்தில் சமமாகிவிடும். கோரிக்கையும் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அடுத்த மழைக்குள் சட்டங்களின் முனை சுவருக்குள் அழுகத் தொடங்கியிருக்கும். அப்போது அது பழைய அழுகல் என்ற கணக்கில் சேர்ந்து, பணம் வராது. எனவே சர்வேயர் முன்னிலையில் சுவரோரமாக ஒரு பலகையையாவது ஆசாரியை வைத்துப் பெயர்த்துக் கீழே காட்டுங்கள். சேறு அள்ளுவது, துளைகளைத் திறப்பது, சட்டத்தைக் காயவைப்பது மூன்றும் தரைச் சேதத்தின் பகுதியாக எஸ்டிமேட்டில் இடம்பெற வேண்டும்.

பழைய ஓதத்தைச் சர்வேயர் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்று தெரிந்திருப்பது நல்லது. ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை, ஸ்கர்டிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பழுப்புக் கோடுகள், சுவரடியில் உப்புப் பூத்தல், விரலால் அழுத்தினால் பொடியும் மரம்: இவை எதுவும் ஒரு வாரத்தில் வராது. இருந்தால் மறைக்க முயலாதீர்கள். பழையது இந்த மூலையில், புதியது இந்த மூன்று அறையில் என்று நீங்களே பிரித்துக் காட்டினால் மீதிக் கோரிக்கை நிற்கும். மறைத்தது தெரிந்தால் முழுவதுமே சந்தேகத்துக்குப் போகும். மே மாதத்தில், மழைக்கு முன், தரையையும் பின்சுவரடியையும் வருடம் ஒருமுறை படம் எடுத்து வைப்பவர்களுக்கு இப்படிப் பிரித்துக் காட்டுவது மிக எளிது.

காயவைப்பது

மலையில் தவறு அதிகம் நடக்கும் இடம் இது. குளிர்பதன முறையில் ஈரம் இழுக்கும் சாதாரண டீஹியூமிடிஃபையர் 15 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, அதன் சுருளில் பனி கட்டிவிடும். ஊட்டியின் ஜூலை அறைகளுக்கு, ஈரத்தை உறிஞ்சும் உலர்பொருள் வைத்த வகைதான் ஏற்றது. அது இல்லாவிட்டால் அறையைச் சூடேற்றி, ஈரக்காற்றை வெளியே விட்டு, மீண்டும் சூடேற்ற வேண்டும். எல்லாச் சன்னலையும் மூடி ஹீட்டர் மட்டும் போட்டால் தரையின் ஈரம் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். மரப்பலகைக்கு நேராக ஹீட்டரை வைத்தால் மேற்பக்கம் மட்டும் சுருங்கி வெடிக்கும். குழிந்த பலகையை ஈரமாக இருக்கும்போதே இழைத்துச் சமமாக்கினால், காய்ந்த பிறகு நடு மேடாகிவிடும்.

எப்போது காய்ந்தது என்று சொல்ல முள் வகை ஈரமானி போதும். மூடுபனிக் காலத்தில் இங்கே நல்ல மரமே சமவெளி மரத்தைவிட அதிகமாகக் காட்டும், அதனால் நனையாத அறையின் பலகையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பலகைக்கும் அதன் கீழே உள்ள மரத்தளத்துக்கும் ஈர வேறுபாடு, மூன்று அங்குலமோ அதற்கு மேலோ அகலமான பலகை என்றால் 2 சதவீதப் புள்ளிக்குள்ளும், அதைவிட ஒடுங்கிய பலகை என்றால் 4 புள்ளிக்குள்ளும் வர வேண்டும். கான்கிரீட்டுக்கு, ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி நின்றாலோ கான்கிரீட் கறுத்தாலோ இன்னும் காயவில்லை. தினமும் ஒரே இடங்களில் எடுத்த அளவுகளை எழுதி வைத்தால், காயவைக்கச் செலவான மின்சாரத்தையும் வாடகைக் கருவியையும் கேட்க அது சான்றாகும்.

கணக்கு

12க்கு 14 அடி அறை என்றால் 168 சதுர அடி. வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 185. ஸ்கர்டிங் சுற்றளவு 52 ரன்னிங் அடி, கதவுக்கு 3 அடி கழித்து 49. இப்படி அறைவாரியாக எழுதி, பெயர்ப்பது, நுரைத்தாள், ஈரத் தடுப்புத் தாள், பலகை, ஸ்கர்டிங், வாசலில் வரும் இணைப்புப் பட்டை, கதவடி இழைப்பது, மரச்சாமான் நகர்த்துவது, கீழிருந்து மேலே ஏற்றும் வண்டிக் கூலி என ஒவ்வொன்றுக்கும் தனி வரி போடச் சொல்லுங்கள். ‘தரை வேலை மொத்தம் இவ்வளவு’ என்ற ஒற்றை வரி எஸ்டிமேட்டைச் சர்வேயர் தன் விருப்பப்படிதான் வெட்டுவார். எதை வெட்டினார் என்று உங்களால் கேட்கவும் முடியாது.

இடிபாடு அகற்றக் கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரை, கட்டட வல்லுநர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை பாலிசியிலேயே உண்டு. ஒன்றரை லட்சம் கோரிக்கையில் இடிபாட்டுக்கு 3,000 ரூபாய்தான். மலையில் ஒரு வண்டி லோடுக்கே அது போதாமல் போகலாம். அதற்காகச் சரிவில் கொட்டிவிடாதீர்கள், அடுத்த மழையில் கீழ்வீட்டுக்காரர் தரைக்குத்தான் அது போகும். இருந்ததைவிட உயர்ந்த தரை போட்டால் கூடுதல் செலவு உங்களுடையது. அதே டைல் இப்போது வருவதில்லை என்றால் கடைக்காரரிடம் கடிதம் வாங்கி, ஒரே அறைக்குள் இரண்டு நிறம் வராமல் வாசற்படி வரை முழுவதும் மாற்றக் கேட்கலாம். ஒப்புக்கொள்வார்கள் என்ற உறுதி இல்லை. கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது. கம்பளமும் மரச்சாமானும் வீட்டுப் பொருள்களில் வரும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, அவற்றுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. குறைத்துக் காப்பீடு செய்ததற்காக விகிதாசாரமாக வெட்டுவதும் இந்தப் பாலிசியில் இல்லை. பழைய பாலிசிக்காரர்கள் பலர் இதை அறியாமல் வெட்டை ஏற்றுக்கொள்கிறார்கள்.

கோரிக்கை எங்கே முறியும்

வீட்டை ஹோம்ஸ்டே ஆக நடத்திக்கொண்டு குடியிருப்பு என்று பாலிசி எடுத்திருந்தால் தரை எப்படி நனைந்தது என்ற பேச்சே எழாது. விருந்தினருக்கு வாடகைக்கு விடும் கட்டடத்துக்கு வணிகப் பாலிசி வேண்டும். ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ இருக்கிறது.

அடுத்தது நிலச்சரிவு விலக்குகள். நிரப்பிய மண் இறங்குவது, புதுக் கட்டடம் படிவது, மண் தோண்டும் வேலை, தவறான வடிவமைப்பு ஆகியவற்றால் வரும் நிலநகர்வுக்குப் பாதுகாப்பு இல்லை. மலை மனைகள் பெரும்பாலும் பாதி வெட்டி, பாதி நிரப்பியவை. நிரப்பிய பாதியில் தரை வெடித்தால் இந்த விலக்கைத்தான் காட்டுவார்கள். மழையில் மேல்சரிவு நகர்ந்து வந்து தள்ளியதா, உங்கள் நிரப்பு மண் தானே இறங்கியதா என்பதற்கு ஒரு கட்டடப் பொறியாளரின் எழுத்து அவசியம். தடுப்புச் சுவரும் இந்தப் பாலிசியில் வீட்டின் பகுதிதான், அது சாய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே கோருங்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் பாலிசியில் வங்கியின் பெயர் இருக்கும், பணமும் வங்கிக்கே போகலாம். வேலை தொடங்கும் முன் கிளையில் கடிதம் கொடுத்து வையுங்கள்.

நிராகரித்தால் எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள், சர்வே அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். பெரும்பாலான சண்டை அந்த அறிக்கையின் ‘காரணம்’ என்ற ஒரு பத்தியில்தான் இருக்கும். அதற்கு மட்டும் படங்களோடு பதில் எழுதி நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. விசாரணைக்குப் போகும்போது அந்தப் பையில் போட்டு வைத்த வால்வையும் அறைப் பெயர் எழுதிய பலகைத் துண்டுகளையும் படம் பிடித்து மனுவோடு இணையுங்கள். தீர்ப்பு வரும்வரை அவற்றைத் தூக்கி எறியாதீர்கள்.